பதிவு இல்லாத ஆண்டு

1 பிப்ரவரி 1926 – பள்ளி தொடக்கம். மாணவிகள் 11. பெஞ்சு 4, கரும்பலகை 1, விலை 38.
9 ஜூன் 1934 – மாணவிகள் 64. கிணறு தூர் வாரிய செலவு 21.
19 நவம்பர் 1950 – புயலில் கூரையும் வடக்குச் சுவரும் விழுந்தன. மாணவிகள் 97. ஆள் சேதம் 0.
1951 – பதிவு இல்லை.
7 ஜனவரி 1952 – மறுதிறப்பு. மாணவிகள் 58. கட்டுமானச் செலவு 6,340.
3 மார்ச் 1966 – அலுவலக எழுத்தர் நியமனம், ஆள் 1. மாதச் சம்பளம் 85.
11 ஆகஸ்ட் 1971 – பெரிய மதர் மறைவு. வயது 79.
14 ஜூலை 1986 – மாணவிகள் 312. வக்கீல் நோட்டீஸ் 1.

பட்டியலில் ‘ஆள் 1’ என்று வருகிறவரின் கதை இது. அவர் எந்த வகுப்புக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் பள்ளியில் எல்லோருக்கும் அவர் ‘தேதி டீச்சர்’. லீவு லெட்டரோ, டி.சி. கேட்டு வந்த மனுவோ, குழாய் ஒழுகுகிறது என்று காவல்காரர் எழுதிய துண்டுச் சீட்டோ, எது கைக்கு வந்தாலும் முதலில் அதன் மேல் மூலையைத்தான் பார்ப்பார். அங்கே தேதி இல்லையென்றால் காகிதம் வந்த வழியே திரும்பிப் போகும். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்று வலி என்று அழுதுகொண்டு வந்து நிற்க, இவர் பேனா மூடியைக் கழற்றி, “என்னைக்கிலேர்ந்து?” என்று கேட்டாராம். பள்ளியே பத்து வருடம் அதைச் சொல்லிச் சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தாரே தவிர, அப்படிக் கேட்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அலுவலகம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அறையின் முன்பாதியில்தான் நிமிர்ந்து நிற்கலாம். பின்பாதியில் குனிந்துதான் போகவேண்டும். மேலே பெண்கள் மணி அடித்ததும் இறங்கி ஓடினால் மேசையில் இருக்கும் மைக்கூடு நடுங்கும். மூன்று அலமாரிகள். அவற்றில் வருகைப் பதிவேடுகள், சேர்க்கைப் பதிவேடுகள், மதிப்பெண் பேரேடுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் ஆண்டு ஒட்டியிருக்கும். முப்பத்தெட்டு வருடம் அந்த அறையில் வேலை பார்த்து, 2004-இல் ஓய்வு பெற்றார். அத்தனை வருடத்தில் கேட்ட காகிதத்தை அவர் தேடி எடுக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது ஒரே ஒரு தடவைதான்.

அவர் அந்தப் பள்ளியின் குழந்தையும்கூட. அப்பா தச்சர், பள்ளியின் பெஞ்சுகளுக்குக் கால் வைத்தவர். அம்மா கன்னியர் மடத்தின் சலவை அறையில் இஸ்திரி போட்டார். ஃபீஸ் கட்ட வழியில்லை என்று இருவரும் தயங்கி நின்றபோது, தலைமைச் சகோதரியான பெரிய மதர், “பெஞ்சு செஞ்சவர் பொண்ணு தரையிலயா உட்காரணும்?” என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டார். ஆனால் சேர்ந்த முதல் வருடம் பெஞ்சில் உட்காரக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் புயல் அடித்து வடக்குச் சுவர் சரிந்திருந்தது. நல்லவேளையாக அது ஞாயிற்றுக்கிழமை. கல்வி அதிகாரி வந்து பார்த்துக் கட்டிடத்துக்குப் பூட்டுப் போட்டு, ‘பள்ளி மூடப்பட்டது’ என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். பதிவேடுகளெல்லாம் பூட்டுக்கு உள்ளே.

வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் வேறு பள்ளிக்குப் போனார்கள். போக வழியில்லாத எட்டுப் பேரைப் பெரிய மதர் அதே வளாகத்தின் பின்கட்டில் இருந்த சலவை அறையில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் கொதிக்கும் அண்டா, ஒரு பக்கம் இஸ்திரி மேசை, நடுவில் வாய்ப்பாடு. தேதி டீச்சருக்கு அப்போது வயது ஆறு. வெளுத்த துணியின் வாசனை வந்தால் இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாடு தானாக நாக்கில் வரும் என்பார்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். பள்ளி நடந்த வீட்டையும் நிலத்தையும் தானமாகக் கொடுத்தவர் ஒரு கயிற்று வியாபாரியின் விதவை. நல்ல மனசு, ஆனால் கறார். தானப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: ‘இந்த வளாகத்தில் ஒரு முழுப் பள்ளியாண்டு பாடம் நடக்காமல் போனால், சொத்து என் வாரிசுகளைச் சேரும்.’ அறுபது வருடம் அந்த வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1986-இல் விதவையின் பேரன் பார்த்துவிட்டார். இரும்புக் கடை வைத்திருந்தவர். ஜூலை 14, திங்கட்கிழமை, கல்வி அதிகாரியின் பழைய அறிக்கை நகலோடு அவருடைய வக்கீல் நோட்டீஸ் வந்தது. 1951 முழுக்கப் பள்ளி மூடியிருந்திருக்கிறது, நடந்ததாகச் சொன்னால் அறுபது நாளுக்குள் ஆதாரம் காட்டவேண்டும், இல்லையேல் வழக்கு.

பள்ளியின் வக்கீல் புதன்கிழமை வந்தார். மகள் இங்கே படித்த நன்றிக்கு ஃபீஸ் வாங்காமல் பார்ப்பவர். அந்த உரிமையில் ஒளிவுமறைவில்லாமல் பேசுபவர். வழக்கு என்று போனால் பத்து வருடம் இழுக்கும், அதுவரை பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், அங்கீகாரம் இல்லாத பள்ளிக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள் என்று கேட்டார். சலவை அறையில் தானே படித்ததாகத் தேதி டீச்சர் சொன்னார். வக்கீல் கையை விரித்தார்.

“நீங்க இங்க சம்பளம் வாங்கறவங்க. அப்போ ஆறு வயசு வேற. வாய் வார்த்தை நிக்காது டீச்சர். அன்னைக்கு எழுதின ஒரு காகிதம் வேணும்.”

அன்றைக்கு எழுதின காகிதமா? இருந்ததே.

பெரிய மதர் தினமும் காலையில் எட்டுப் பேரையும் எண்ணி, பழுப்பு அட்டை நோட்டு ஒன்றில் எழுதுவார். ஒருநாள் நோட்டை இஸ்திரி மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப, டீச்சருடைய அம்மா கவனிக்காமல் அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டார். அட்டையில் பிறை மாதிரி ஒரு கருகல். அந்தக் கருகலை டீச்சர் இன்னொரு முறையும் பார்த்திருக்கிறார். பெரிய மதர் இறந்த மறுநாள், 1971 ஆகஸ்ட் 12-ஆம் தேதி.

அந்தக் கன்னியர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சகோதரி இறந்தால் அவர் எழுதிவைத்த ஜெபக் குறிப்புகளை யாரும் படிக்கக்கூடாது. அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. படிக்காமல் கட்டி, எரித்துவிட வேண்டும். பெரிய மதரின் அறையில் இருந்த காகிதங்களில் பள்ளியுடையது எது, ஜெபக் குறிப்பு எது என்று பிரித்துத்தரும் வேலை எழுத்தரிடம் வந்தது. தேதி உள்ளதெல்லாம் பள்ளிக் காகிதம், இல்லாதது ஜெபக் குறிப்பு என்று இவர் பிரித்தார். பிறை கருகின நோட்டைத் திறந்தார், ‘அர்ச். ஆக்னேஸம்மாள் திருநாளுக்கு மறுநாள்’ என்று ஓர் அர்ச்சியசிஷ்டவரின், அதாவது புனிதரின், பெயர் இருந்தது, தேதி இல்லை. அந்தக் கருகல் எந்த நோட்டின் அடையாளம் என்று அன்றைக்கு ஓடவில்லை; அடுத்த வரியைக்கூடப் பார்க்காமல் எரிக்கிற கட்டில் வைத்தார். பெரிய மதர் தேதியே எழுதமாட்டார், புனிதர்களின் திருநாளைச் சொல்லித்தான் நாளைக் குறிப்பார் என்பது தெரியாதவரும் அல்ல. “சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள் சம்பளம்” என்று அவர் சொல்லி, இவரே நாட்காட்டியைப் புரட்டியிருக்கிறார். ஐந்து வருடம் கூட இருந்து பார்த்ததைக் கை மறந்துவிட்டது.

வக்கீல் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் சாப்பிடவில்லை. வீடு ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை. கணவர் பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத சுபாவம் வந்துவிட்டவர். பள்ளிக்கூடம் போய்விடும் போலிருக்கிறது, போனால் அதற்கு நான்தான் காரணம் என்று இவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“பதினஞ்சு வருஷம் முன்னால எரிஞ்சதை இன்னைக்கு ஊதி அணைக்க முடியாது. போய் மதர்கிட்ட சொல்லிடு. நீயா சொன்னா அது தப்பு. அவங்களா கண்டுபிடிச்சா அது திருட்டு.”

“வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னா?”

“நாளையிலேர்ந்து நம்ம பஸ்ல வா. டிக்கெட்ல தேதி போட ஆள் இல்லாமத்தான் நான் தவிக்கிறேன்.”

சிரிப்பு வரவில்லை, ஆனால் இரண்டு வாய் சாப்பாடு இறங்கியது. வியாழக்கிழமை முழுக்க ராஜினாமாக் கடிதம் எழுத முயன்றார். மேல் மூலையில் தேதியை எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரியும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மதரைத் தேடிப் போனபோது அவர் மடத்துச் சமையலறையில் இருந்தார். பெரிய மதருக்குப் பின் மூன்றாவதாக வந்தவர் இந்த மதர். குழாய்க்கு வாஷர் போடுவதிலிருந்து பிஷப்புக்குக் கடிதம் எழுதுவது வரை தன் கையால் செய்தால்தான் திருப்தி. அன்றைக்கும் ஸ்பேனரோடு தொட்டிக்கடியில் உட்கார்ந்திருந்தார். மூலையில் சமையல் சிஸ்டர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது; முப்பது வருடமாக அந்த அடுப்பு அவருடையது.

“மதர், அம்பத்தொண்ணுல பாடம் நடந்ததுக்கு நோட்டு இருந்துச்சு. பெரிய மதர் கைப்பட எழுதினது. அதை எரிக்கிற கட்டுல வெச்சது நான்தான்.”

மதர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்ன நோட்டு, எப்போது, ஏன் என்று கேட்டார். டீச்சர் ஒன்று விடாமல் சொன்னார். பட்டாணி உரிக்கிற சத்தம் எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை.

“அட்டையில இஸ்திரி சூடு பட்டிருக்குமே, அதுவாம்மா?” என்றார் சமையல் சிஸ்டர்.

டீச்சர் தலையை ஆட்டினார். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சாமான் அறைக்குள் போனார். உள்ளே தகர டப்பாக்கள் இடம் மாறுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நோட்டு இருந்தது. பிறையும் இருந்தது.

1971-இல் எரிக்கிற வேலை அவருக்கு வந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் முறைப்படி எரித்துவிட்டார். இது ஒன்றுதான் மிஞ்சியது.

“நானா தொறக்கல மதர். காத்துல தொறந்துச்சு. பாத்தா பூரா அர்ச்சியசிஷ்டவங்க பேரு. அவங்களைப் போய் அடுப்புல போடச் சொன்னா எப்படி? கை வரல.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “மீதிப் பாதி வெள்ளையாவும் இருந்துச்சு” என்றார்.

மீதிப் பாதியில் முட்டைக் கணக்கு இருந்தது. மடத்தில் கோழி வளர்த்த மூன்று வருடமும், எந்தக் கோழி எத்தனை இட்டது, எத்தனை உடைந்தது, எத்தனையைப் பூனை தூக்கியது என்று பென்சிலில் எழுதியிருந்தார். அதன்பிறகு கோழி போய்விட்டது, நோட்டு தங்கிவிட்டது. எரிக்கவும் பயம், கீழ்ப்படியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் பயம். ஒவ்வொரு தடவை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதும் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துப் போய், கோபப்பட்டதையும் ருசி பார்த்ததையும் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாராம்.

டீச்சர் முதல் பக்கத்தைத் திறந்தார். எட்டுப் பெயர்கள். ஆறாவது அவருடையது. அவற்றுக்கு மேல் வரியில், ‘அர்ச். ஆக்னேஸம்மாள் திருநாளுக்கு மறுநாள். பாடம் தொடக்கம். வந்தவர் 8.’ நாலைந்து பக்கம் தள்ளி, ‘விபூதிப் புதன். வந்தவர் 8. நெற்றிச் சாம்பலைத் துடைத்துச் சிலேட்டில் பூசியவர் 1.’ அந்த ஒன்று யார் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. மூன்று நாளாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது; அதைப் பார்த்துச் சமையல் சிஸ்டரும் அழ, மதர் இருவருக்கும் தண்ணீர் கொடுக்கப் போய், குழாயைக் கழற்றி வைத்திருப்பது நினைவுக்கு வந்து நின்றார்.

டீச்சர் ராஜினாமாப் பேச்சை எடுத்தபோது மதர் விடவில்லை.

“இனிமே தேதி இல்லாத காகிதம் வந்தா, ஒரு பக்கமாவது படிச்சுட்டுத் தூக்கிப் போடுங்க. அவ்வளவுதான்.”

சமையல் சிஸ்டருக்குக் கீழ்ப்படியாமைக்கான தண்டனையை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கடைசிவரை சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை வக்கீல் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பள்ளியின் அன்றைய ஆண்டுக் கணக்குப்படி ஜனவரியில் தொடங்கி நவம்பர் கடைசியில் அந்திரேயா திருநாள் வரை, நூற்றெண்பத்து மூன்று நாள். வரிக்கு வரி வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை, யாருக்குக் காய்ச்சல், யாருக்கு எதுவரை வாய்ப்பாடு. முகம் மலர்ந்தது. பிறகு திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

“எல்லாம் இருக்கு. வருஷம் எங்க டீச்சர்?”

இருபது வருடமாக ஊரெல்லாம் தேதி கேட்டவரிடம் அன்றைக்கு ஒருவர் தேதி கேட்டார். எட்டுக் குழந்தைகள் எந்த வருடமும் சலவை அறையில் உட்கார்ந்து படித்திருக்கலாம், மதப் பாடம் சொல்லும் ஞானோபதேச வகுப்பாகக்கூட இருக்கலாம், எதிர்த்தரப்பு அப்படித்தான் கேட்கும் என்றார் வக்கீல். பெயர்கள் உதவுமே என்று மதர் சொல்லிப் பார்த்தார். பெயர் வருடம் சொல்லாது என்றார் வக்கீல்.

டீச்சர் நோட்டை வாங்கிக்கொண்டு மாடிப்படி அறைக்குப் போனார். அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். ஒவ்வொரு திருநாளுக்கும் எதிரே நாட்காட்டித் தேதியைத் தனித்தாளில் எழுதிக்கொண்டே போனார். பெரும்பாலான திருநாள்கள் எல்லா வருடமும் ஒரே தேதியில் வருபவை. அவை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, நாற்பத்தேழாவது வரிக்கு வந்தார்.

‘பாஸ்கு வாரம் கழிந்த திங்கள். மங்கள வார்த்தைத் திருநாளும் பாஸ்கும் இந்த வருடம் ஒரே நாளில் விழுந்தபடியால், மங்கள வார்த்தை இன்றைக்குத் தள்ளிக் கொண்டாடப்பட்டது. அரை நாள் பாடம். வந்தவர் 7. காய்ச்சல் 1.’

அடிக்கோல் அங்கேயே நின்றது. மாதாவுக்கு வானதூதர் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் எப்போதும் மார்ச் 25. அதில் மாற்றம் இல்லை. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், ஒரு வருடம் மார்ச்சில் வரும், ஒரு வருடம் ஏப்ரலில் வரும். நிலாவைப் பார்த்து நகர்கிற ஞாயிறு அது. இரண்டும் ஒரே நாளில் விழுவது தினம் நடக்கிற காரியம் இல்லை. அப்படி விழுந்த வருடம் எது என்று தெரிந்தால் போதும்.

குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த கோவிலுக்கு நடந்தார். மழை இல்லை, குடை ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பங்குச் சாமியார் சாமான் அறையைத் திறந்துவிட்டார். பழைய பூசைப் புத்தகத்திலும் புதியதிலும் முன்பக்கங்களில் ஈஸ்டர் எந்த வருடம் எந்தத் தேதி என்ற அட்டவணை இருக்கும். பள்ளி தொடங்கிய 1926 முதல் அந்த வருடம் 1986 வரை அறுபத்தொரு வரிகள். பென்சிலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மார்ச் 25 என்று ஒரே ஓர் இடத்தில் இருந்தது. நம்பாமல் கீழிருந்து மேலே ஒருமுறை போனார். அப்போதும் அதே இடம்தான்.

“என்ன டீச்சர், கிடைச்சுதா?” என்றார் சாமியார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு, ஃபாதர்,” என்றார். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டதாம். சலவை அறையின் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மதர் எழுதிய அந்த ஒரு வரிக்குள் வருடம் முப்பத்தைந்து வருடமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் குடையைக் கோவிலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார். வாழ்நாளில் அவர் மறந்து வைத்த பொருள் அது ஒன்றுதான் என்று கணவர் பிற்பாடு சொல்லிக் காட்டுவார்.

வக்கீல் அட்டவணையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “கோர்ட்ல நான் பேசவே வேண்டாம் போலருக்கே” என்றார். எட்டுப் பேரில் ஐந்து பேர் உயிரோடும் கூப்பிடு தூரத்திலும் இருந்தார்கள். அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிச் சேர்த்தார். ஜூலை 25-ஆம் தேதி பதில் போனது.

ஆகஸ்ட் 20, புதன்கிழமை, இரும்புக் கடைக்காரர் நேரில் வந்தார். சண்டைக்கு வருகிறவர் மாதிரி இல்லை. சாமான் வாங்கும் முன் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். சலவை அறையைப் பார்த்தார். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பின்பாதிக்கு வந்ததும் புருவம் உயர்ந்தது.

“‘வெள்ளைக் கோழி, திருட்டு ரெண்டு.’ யாருங்க திருடினது?”

“பூனைதாங்க தம்பி,” என்றார் வாசலில் நின்ற சமையல் சிஸ்டர். “மனுஷங்க மேல நான் எழுதமாட்டேன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு நோட்டை மூடி இரண்டு கையாலும் டீச்சரிடம் கொடுத்தார்.

“எங்க பாட்டி கேட்டது, ஒரு வருஷம்கூடப் பாடம் நிக்கக்கூடாதுன்னு. இதைப் பாத்தா நின்ன மாதிரி தெரியல. ஆனா நான் ஒருத்தன் சொன்னாப் போதாது. தம்பி, தங்கச்சி, சித்தப்பா பசங்க, எல்லாரும் கையெழுத்துப் போடணும்.”

பிறகு காத்திருப்பு. நோட்டீஸில் சொன்ன அறுபது நாள் செப்டம்பர் 12-ஆம் தேதியோடு முடிந்தது. வழக்கு எதுவும் வரவில்லை. மாடிப்படியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வழக்கம்போல் ஏறி இறங்கினார்கள். மைக்கூடு வழக்கம்போல் நடுங்கியது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே டீச்சர் ஜன்னலுக்கு வந்துவிடுவார். இல்லை என்று அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவார். அக்டோபரில் ஒரு நாள் ஆட்டவில்லை.

உறையைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினார். உள்ளே ஒரே தாள். தானப் பத்திரத்தின் நிபந்தனை 1951-ஆம் ஆண்டில் மீறப்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். உரிமை கோரலைத் திரும்பப் பெறுகிறோம். இனி எங்கள் தரப்பிலிருந்து இது குறித்துக் கடிதம் வராது. கீழே வாரிசுகள் ஏழு பேரின் கையெழுத்து. மதரிடம் ஒருமுறை, சமையலறையில் ஒருமுறை, சாயங்காலம் கணவரிடம் ஒருமுறை, ஆக மூன்று முறை அதை உரக்கப் படித்தார். கடிதம் வந்து சேர்ந்தது 9 அக்டோபர் 1986, வியாழக்கிழமை.